குப்புராஜ் சுவரில் என் முகம்

முதன்முதலில் என் முகத்துக்குக் குங்குமம் வைத்தது குப்புராஜின் மனைவி கங்கையம்மாள். முகம் என்றால் என் கழுத்துக்கு மேலே இருக்கிற இது இல்லை. எங்கள் தெருமுனையில், குப்புராஜின் காலி மனைச் சுவரில், ஆள் உயரத்துக்கு வரைந்து வைத்திருந்த முகம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது பார்க்கிறேன், என் நெற்றியில் அசல் குங்குமம் அப்பியிருக்கிறது, கன்னத்தில் மஞ்சள் வழிகிறது. ஏதோ பிள்ளைகள் விளையாட்டாகச் செய்திருக்கின்றன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

என் பெயர் நித்யஸ்ரீ. நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகி, விவாகரத்தும் ஆகி, செம்பாக்கத்தில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா இல்லை. கோபம் மட்டும் அவருடையது அப்படியே எனக்கு வந்திருப்பதாக அம்மா சொல்வாள்.

எங்கள் பகுதியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை ‘சுவர் நடை’ நடக்கும். என்னோடு பள்ளியில் படித்த தீபா ஆரம்பித்தது. கேம்ப் ரோட்டில் கூடி ஏரிக்கரை வரை தெருத் தெருவாக நடப்போம். சுவர்களில் படங்கள், சில வீடுகளின் கார் ஷெட்டில் பிள்ளைகள் வரைந்தவை, ஒரு ரிட்டயர்ட் மாமா செய்யும் களிமண் யானைகள். தாம்பரம், மேடவாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் டீயும் சமோசாவும் உண்டு. சமோசாவுக்காக மட்டும் வருகிறவர்களை எனக்குப் பெயரோடு தெரியும், ஆனால் அது வேறு கதை.

சுவர் நடைக்கு இரண்டே விதிகள். சாமிப் படம் கூடாது என்பது ஒன்று. எந்தப் படமும் மூன்று மாதத்துக்கு மேல் சுவரில் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது மாத நடை முடிந்ததும் வரைந்தவரே முதல் பட்டை சுண்ணாம்பு அடிப்பார், மற்றவர்கள் மீதியை அடித்து முடிப்பார்கள், அடுத்தவருக்குச் சுவர் தயாராகிவிடும். இந்த இரண்டாவது விதியைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன்.

குப்புராஜ் சுவரைக் கொடுத்ததற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை. எங்கள் நகரில் பாதி ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். அதில் மிச்சமிருந்த ஒரே காலி மனையின் சுவரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒதுங்கிக்கொண்டிருந்தான்.

“சாமி படம் ஒண்ணு போட்டு வுட்டுரும்மா. எவனும் கிட்ட வர மாட்டான்” என்றார் தீபாவிடம்.

“சாமி போடறதில்ல சார். அது எங்க ரூல்.”

“இன்னா ரூலோ. சரி, இன்னாத்தையோ போடு. பெருசா போடு.”

‘நம்ம தெரு முகங்கள்’ என்று அந்த மாதத்துக்குத் தலைப்பு. தீபா என்னிடம் வந்தாள். “அன்னிக்குத் தலை குளிச்சிட்டு முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு மாடியில நின்னு சிரிச்சியே, அந்த முகம் வேணும்டி” என்றாள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. விவாகரத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் யாரும் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. எதிர்வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விடுவதற்காக அம்மாவையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். அவர்கள் தினமும் கடந்து போகிற சுவரில் பெரிதாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கலாமே என்று தோன்றியது. நன்றாக வயிறெரியட்டும் என்று நினைத்தேன்.

தீபா சிவப்புப் பின்னணியில் வரைந்தாள். விரிந்த முடி, பெரிய பொட்டு, மூக்குத்தி, சிரிப்பு. மனைக்குள்ளிருந்த வேப்பமரம் சுவரைத் தாண்டி வளைந்து அந்த முகத்தின் மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இது போதாதென்று அவளுக்கு ஒரு பழக்கம். கண்ணை எப்போதும் கடைசியில்தான் வரைவாள், அங்கேதான் கை தடுமாறும் என்பதால். அந்த முறை கண்ணை நடை அன்றைக்கே, எல்லோர் முன்னாலும் வரையலாம், கூட்டத்துக்குப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாள். சுவரை ஒட்டி நின்று, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, இடது கண், வலது கண் என்று கருவிழி வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கங்கையம்மாள் மட்டும் கை தட்டவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊர்க்கோயிலில் அம்மனுக்குக் கண் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சிலையோ படமோ, எல்லாம் முடிந்து கடைசியில் கண் திறந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். இது எங்களில் ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை. தீபா ஓவியத்தில் பட்டம் வாங்கியவள் வேறு.

“கண்ணு தொறந்த அன்னிக்கே பாத்துகினுதானே இருந்தேன்” என்று பின்னால் கங்கையம்மாள் ஊரெல்லாம் சொன்னார். “என்னிய நேரா பாத்துச்சு. ஒடம்பு சிலுத்துகிச்சு.”

குங்குமத்துக்குப் பிறகு எலுமிச்சை மாலை வந்தது. பிறகு அகல் விளக்கு. குப்புராஜுக்கு ரொம்ப நாளாக இருந்த சிறுநீரகக் கல் தானாக விழுந்தது. அவர் புது மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் அதே வாரம்தான், ஆனால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் கையோடு ஒரு டியூப் லைட் போட்டார், செருப்பு விட ஒரு இடம் ஒதுக்கினார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பெண்களெல்லாம் வந்தார்கள். சுவரில் ஒருவரும் ஒதுங்குவதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அம்மனோடு நிறுத்தியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது கன்னியம்மன் என்று கங்கையம்மாள் முடிவு செய்தார். என் விவாகரத்துக்கு நீதிமன்றம் வருடக் கணக்கில் இழுத்தடித்தது. கங்கையம்மாள் ஒரே வார்த்தையில் என் கல்யாணமே நடக்காததாக்கிவிட்டார்.

அதன்பிறகு தெரு என்னை நடத்திய விதம் மாறியது. காய்கறி வண்டியருகே நான் போனால் மற்றவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். பேக்கரியில் முட்டை பப்ஸ் கேட்டேன், கடைக்காரர் காதில் விழாத மாதிரி தேங்காய் பன் எடுத்துக் கொடுத்தார். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினால் கங்கையம்மாள் வாசலில் நின்று, “ஆத்தாவுக்குப் பொடவதாம்மா லட்சணம்” என்பார், மிகுந்த மரியாதையோடு. திட்டினால் திருப்பித் திட்டலாம். கும்பிடுகிறவரை என்ன செய்வது? வீட்டில் மீன் நின்றது. நானும் தணிந்த குரலில் பேசக் கற்றுக்கொண்டேன், சத்தம் போட்டால் நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அம்மாவுக்கோ இது பொற்காலம். அம்மா பெயர் தனம். பத்து வீடு தள்ளி ஒரு விசேஷம் என்றால் ஜன்னலை மூடிக்கொண்டு டிவியைச் சத்தமாக வைக்கிறவள். எதிர்வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்கு எங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். என்னை மணையருகே கூட்டிப்போய் முதல் வளையலைப் போடச் சொன்னார்கள். வாழாவெட்டி என்று இதே வீட்டுக்காரி சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். வளையலைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அம்மா ஒரு மூலையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி அவள் தூக்க மாத்திரை போடாமல் தூங்கினாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மாட்டிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

ஏனென்றால் எனக்கு பிரிட்டோ இருந்தான். கோவளத்துக்காரன். அவன் அப்பா படகு வைத்திருக்கிறார். இவன் படகில் ஏறினால் வாந்தி எடுப்பான், அதனால் கம்ப்யூட்டர் படித்து என் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தான். இருவரும் பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். மேடவாக்கத்தில் வாடகைக்கு ஒரு ஃபிளாட்டும் பிடித்தாயிற்று. தண்ணி லாரி வந்தால்தான் குளியல் என்கிற வீடு. இருந்தாலும் அந்த வீட்டை நினைத்தால் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அங்கே எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த அன்று அவளே முந்திக்கொண்டாள்.

“அந்த ஆபீஸ் பையன் வண்டியில தெருவுக்குள்ள வந்து எறங்காத நித்தி. போறவங்க வரவங்க பாக்கறாங்க.”

“பாத்தா பாக்கட்டும்மா.”

“முன்ன மாதிரி இல்லடி இப்ப. நம்ம மேல ஒரு மரியாதை வெச்சிருக்காங்க.”

படம் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது மாத நடை வரும், சுண்ணாம்பு அடிப்பார்கள், அடுத்த மாதம் அங்கே ஒரு மீன்கொத்தியோ ரயிலோ இருக்கும். நான் பழையபடி யாரும் கூப்பிடாத நித்யஸ்ரீ ஆகிவிடுவேன். எதற்காக முன்பு தலையணையில் முகம் புதைத்து அழுதேனோ, அதையே இப்போது வேண்டும் வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. ஆனி முடியப் போகிற சமயம். ஆடி முதல் வெள்ளிக்குக் கூழ் ஊற்றப் போவதாகவும், அதற்குள் சுவரையொட்டித் தகர ஷெட் போடப் போவதாகவும் குப்புராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று விட்டால் அப்புறம் அந்தப் படம் போகவே போகாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிரிட்டோவை வரச் சொல்லியிருந்தேன். சுண்ணாம்பு அடித்ததும் அம்மாவிடம் அவனை அழைத்துப் போய் நிறுத்திவிடுவது என்று திட்டம்.

நடை எங்கள் தெருமுனைக்கு வந்தபோது வழக்கத்தைவிடக் கூட்டம். பாதிப் பேர் நடைக்கு வந்தவர்கள், பாதிப் பேர் கும்பிட வந்தவர்கள். சுண்ணாம்பு வாளியும் பிரஷும் தயாராக இருந்தன. தீபா வாளியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

“சாரிடி. என்னால முடியாது.”

“என்ன முடியாது? உன் ரூல்தானே?”

“நேத்துலேர்ந்து என் பையனுக்கு ஜுரம். உனக்குச் சிரிப்பா இருக்கும். எனக்கு பயமா இருக்கு.”

“தீபா, அது நான். நீ வரைஞ்ச நான்.”

“தெரியும்” என்றாள். தெரிந்தும் அவள் கண் சுவர்ப் பக்கம் போகவில்லை.

குப்புராஜிடம் போனேன். “சார், மூணு மாசம்னு ஒத்துக்கிட்டுத்தானே குடுத்தீங்க?”

“ஒத்துகினேன், இல்லேங்கல. அப்ப இது வெறும் சொவரும்மா.” கையைக் கட்டிக்கொண்டு தணிந்த குரலில்தான் சொன்னார். “இப்ப எவன் கை வெச்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். என் எடம் இது.”

கூட்டத்தில் இருந்த எம்.ஏ.க்கள், இன்ஜினியர்கள், களிமண் யானை மாமா, எல்லோரும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யார் முகம் இது? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரிடம் போனேன். குப்புராஜ் தடுப்பார் என்று பார்த்தேன். தடுக்கவில்லை. என்னைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

பிரஷை முக்கி முதல் பட்டையை நெற்றியில் அடித்தேன். பிறகு கண்களில். அகல்கள் உருண்டன, எலுமிச்சை மாலை அறுந்து விழுந்தது. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது எதையும் மறைக்காது, காயக் காயத்தான் வெளுக்கும். அவசரத்தில் எனக்கு அது மறந்துவிட்டது. அடிக்க அடிக்க அந்த இரண்டு கண்ணும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தன. மேலும் மேலும் அடித்தேன். வேப்பங்கிளையில் சிக்கிக் கிளிப் கழன்று என் முடி அவிழ்ந்தது. முகமெல்லாம் சுண்ணாம்பு தெறித்தது. கோபத்தில் என் உடம்பு உதறியது, பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கத்தவும் செய்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

பின்னால் சத்தமே இல்லை. திரும்பினேன். எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள்.

“ஆத்தா தன் மொகத்த தானே மூடிக்கிறா” என்றார் கங்கையம்மாள். “சொவுத்த வுட்டு எறங்கிட்டா.”

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ‘ஓம் சக்தி’ என்று ஒரு குரல் எழும்பியது, பிறகு பல குரல்கள்.

“நான் சாமி இல்ல” என்று கத்தினேன். “எனக்குக் கோவம் வந்திருக்கு, அவ்வளவுதான். தள்ளுங்க.”

“கோவத்தக் கொறச்சுக்க ஆத்தா. இன்னா கொற வெச்சோம்? யாரு வந்துகீற, பேரச் சொல்லு.”

சாமி ஆடுகிறவர்களிடம் இப்படித்தான் கேட்பார்கள். எனக்குத் தெரியும், இருந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “நித்யஸ்ரீ! நித்யஸ்ரீதான் நான்!”

“நித்யஸ்ரீயம்மா வந்துகீறா” என்று கங்கையம்மாள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார். அந்தப் பெயர் வரிசையாகப் போய்க் கடைசி ஆள் வரை சேர்ந்தது.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு பிரிட்டோ தெரிந்தான். உள்ளே வரப் பார்த்தான். குப்புராஜ் அவன் தோளில் கை வைத்து, “கிட்ட போவாத தம்பி, ஆத்தா உக்ரமா கீறா” என்று பக்குவமாக நிறுத்திக்கொண்டார்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். இந்தத் தெருவ விட்டுப் போகப் போறேன். வழி விடுங்க.”

இதாவது உறைக்கும் என்று நினைத்தேன். கங்கையம்மாள் கண் கலங்கினார்.

“ஆத்தா திருக்கல்யாணம் கேக்குறா. செஞ்சிருவோம் ஆத்தா, ஆடிலயே செஞ்சிருவோம். எல்லையத் தாண்டிப் போயிராத. உன்ன வுட்டா எங்களுக்கு யாரு கீறா?”

பெண்கள் கைகோத்து நின்றார்கள். ஒருத்தரும் என்னைத் தொடவில்லை, ஒருத்தரும் நகரவுமில்லை. நான் ஒரு அடி வைத்தால் அந்த வரிசை கும்பிட்டபடியே என்னோடு ஒரு அடி வந்தது. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தார்கள். பேசாமல் இருந்தால் அதற்கும் வைத்திருப்பார்கள். என் வாழ்க்கையில் இப்படி பயந்ததில்லை.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். வரிசைக்குப் பின்னால், வளைகாப்பு வீட்டுக்காரியின் பக்கத்தில் நின்றிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. இவள் சொன்னால் கேட்பார்கள். என்னைப் பெற்றவள், எனக்குப் பேன் எடுத்தவள், போன வாரம்கூடப் பாத்திரம் கழுவவில்லை என்று கரண்டியை வீசியவள்.

“அம்மா. நீ சொல்லும்மா” என்றேன். “நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லு.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். வரிசை விலகி அவளுக்கு மட்டும் வழிவிட்டது. அம்மா வளைகாப்பு வீட்டுக்காரியைப் பார்த்தாள், கங்கையம்மாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டுவலிக்காரி, சுண்ணாம்புத் தண்ணியில் மண்டியிட்டாள்.

“தாயே” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, என் காலில் நெற்றியை வைத்தாள்.

கூட்டம் பெருங்குரலெடுத்தது. அம்மாவின் இரண்டு கையும் என் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்திருந்தன, நகம் பதிகிற அளவுக்கு. நான் குனிந்தேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், வீட்டில் பேசுகிற அதே குரலில் அம்மா பேசினாள்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கடி நித்தி. அம்மாவுக்காக. இப்பத்தான்டி நம்மள மதிக்கறாங்க.”

தெரிந்தேதான் செய்கிறாள். நான் காலை எடுக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.